லாங்வுட் சோலையில் அப்பாவும் ஒரு வழிகாட்டியும்

டொராண்டோவில் பதினோரு ஆண்டுகளாகப் பறவை பார்க்கிறேன். மே மாதம் பிறந்தால் வலசைப் பறவைகள் வந்திறங்கும் பாயிண்ட் பிலீ முனைக்கு நான்கு மணி நேரம் காரோட்டிப் போய், கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் நான் பிறந்து வளர்ந்த கோயம்புத்தூரிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடக்கூடிய நீலகிரியில், உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் இருக்கின்றன என்பதைக் கனடாவுக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். வெட்கம்தான். இந்த முறை ஜனவரியில் ஊருக்குப் போனபோது அதற்கென்று இரண்டு காலைப் பொழுதுகளை ஒதுக்கினேன். எழுபத்திரண்டு வயது அப்பாவும் கூட வந்தார். "குருவி பார்க்கக்கூடக் காசு கொடுத்து ஆள் வைக்கிறாயா?" என்று மேட்டுப்பாளையம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

முதல் நாள் அவர் கேட்டதுதான் சரியென்று ஆயிற்று. ஊட்டியில் 'அனுபவமுள்ள பறவை வழிகாட்டி' என்று இணையத்தில் பார்த்துப் பதிவு செய்திருந்தேன். ஆறு மணிக்கு வர வேண்டியவர் ஏழே காலுக்கு வந்தார். பறவைகளுக்கு அது கிட்டத்தட்ட மதியம். வந்தவர் வாடகைக் கார் ஓட்டுநர். அனுப்பியவர்கள் அவரையே வழிகாட்டியாகவும் ஆக்கியிருந்தார்கள். காரை நிறுத்தியதும் சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி ஒலிபெருக்கியை எடுத்தார், கைபேசியில் பறவைக் குரலை ஓடவிட்டார். இரண்டு நீலகிரி சிரிப்பான்கள் புதரிலிருந்து பாய்ந்து வந்தன. வெள்ளைப் புருவமும் செம்பழுப்பு வயிறுமாக, கிளைக்குக் கிளை தாவி, இல்லாத எதிரியைத் தேடின. "படம் எடுத்துக்கொள்ளுங்கள் சார்" என்றார்.

பழம் தின்ன வேண்டிய காலை வேளையில், தன் எல்லைக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று நம்பி ஓடிவருகிற பறவையைப் படம் எடுத்து நான் என்ன செய்ய? நிறுத்தச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்" என்றார். உண்மையாகத்தான் இருக்கும். ஒன்பது மணிக்கெல்லாம் விடுதிக்குத் திரும்பிவிட்டோம்.

கோத்தகிரியில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, தமக்குத் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார். படுகர், ஐம்பதைத் தாண்டியவர், முன்பு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். எந்தப் பறவை வேண்டும் என்று அவர் முதலில் கேட்கவில்லை. "ஐயாவுக்கு முழங்கால் எப்படி?" என்றுதான் கேட்டார். பிறகு, வெள்ளைச் சட்டை வேண்டாம், செண்ட் அடிக்க வேண்டாம், ஐந்தே முக்காலுக்கு வாசலில் நிற்க வேண்டும். வனத்துறை அனுமதியை அவரே வாங்கி வைத்திருந்தார். அரை நாளுக்கு இருவருக்கும் சேர்த்து அவர் கேட்ட தொகை, முதல் நாள் நான் அழுததைவிட ஆயிரம் ரூபாய் குறைவு.

லாங்வுட் சோலை கோத்தகிரியை ஒட்டியே இருக்கிறது. பரப்பு 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலையும் ஊர்களும் நெருக்க, நடுவே பழைய காடு மிச்சமிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிறது. மரமெல்லாம் பாசி, காலடியில் ஈரச் சருகு, எங்கோ ஓடை ஓடும் சத்தம். வழிகாட்டி அண்ணன் பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் நின்றார். கனடாவில் நான் குரலைக் கண்டுபிடிக்க மெர்லின் செயலியைத் திறந்துவிடுவேன். பழக்கதோஷத்தில் கை அதற்கே போனது. அவர் தலையை அசைத்தார். அவ்வளவுதான், எடுத்ததை உள்ளே வைத்தேன்.

அவர் பறவை காட்டுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். கையை நீட்டுவதே இல்லை. "அந்தப் பாசி பிடித்த கல் தெரிகிறதா? அதற்கு மேலே வளைந்த கொடி. கொடியிலிருந்து ஒரு முழம் இடது பக்கம், அங்கிருந்து ஒரு சாண் கீழே." விலை உயர்ந்த பைனாகுலரை வைத்துக்கொண்டு நான் இலைகளுக்குள் துழாவிக்கொண்டிருக்க, வெறும் கண்ணால் அப்பா பிடித்துவிட்டார். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். தலையும் இறக்கையும் கரி. உடம்பு, ஊதினால் பற்றிக்கொள்ளும் கங்கு. எங்களிடமிருந்து பன்னிரண்டு அடித் தொலைவில், இடுப்பு உயரத்தில் உட்கார்ந்து, மெல்லிய ஒற்றைக் குரலைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. அதைத் துரத்தவும் வேண்டாம், அழைக்கவும் வேண்டாம். அதன் இடத்தில் அது இருக்கும் என்றார் அண்ணன்.

எனக்கு வேண்டியது சோலைக்கிளி. கருநீல முதுகும் செம்பழுப்பு விலாவும் கொண்டது, காட்டின் தரையில் இருட்டுக்குள் தத்துகிற சிறு பறவை. ஆராய்ச்சியாளர்கள் இதை ஏதேதோ இனங்களோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, 2017இல் ஷோலிகோலா என்று தனிப் பேரினமாக்கினார்கள். சோலையில் வாழ்வது என்று பொருள், நம் சோலைதான். "கிளி என்றால் பச்சையாக இருக்க வேண்டாமா?" என்றார் அப்பா. மலையாளத்தில் சிறு பறவை எதுவானாலும் கிளிதான் என்று விளக்கினார் அண்ணன். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பது ஒரு இனம், தெற்கே ஆனைமலை, பழனி மலைப் பக்கம் இருப்பது இன்னொன்று. சுமார் 30 கிலோமீட்டர் அகலமான அந்தத் தாழ்ந்த வெளியைச் சோலைப் பறவை கடப்பதில்லை என்றும் சொன்னார். கோயம்புத்தூர்க்காரருக்கு அந்தக் கணவாயை அறிமுகப்படுத்த வேண்டுமா? "நம் மொட்டைமாடியில் துணியைத் தூக்கிக்கொண்டு போகிறதே, அந்தக் காற்று வருகிற வழி" என்றார் அப்பா. அதன்பின் காசு பற்றிப் பேசவில்லை.

ஓடைப் பக்கம் இறங்கும்போது அண்ணன் சட்டென்று நின்று, அப்பாவின் முழங்கையைப் பிடித்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பாறை என்று நினைத்தது மூச்சு விட்டது. காட்டெருமை, கால்களுக்கு வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல். அவர் எங்களைப் பின்னால் நடத்தி, ஒரு பெரிய மரத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். இருபத்தைந்து நிமிடம் நின்றோம். முதல் நாள் வந்தவராக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். வழிகாட்டிக்குக் கொடுக்கிற காசில் பாதி இதற்குத்தான்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில்தான் சோலைக்கிளி வந்தது. மரத்தின் வேரருகே சருகைப் புரட்டியது, நின்றது, மீண்டும் புரட்டியது. படம் எடுக்கவில்லை. எருமைக்குப் பயந்து கேமராவைத் திறக்கவில்லை என்பதே காரணம். பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

எட்டரைக்கு வெளியே வந்து, தேயிலை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தோம். பிளாஸ்கிலிருந்து தேநீர், காகிதப் பொட்டலத்தில் வர்க்கி. எந்த ஊரில் விற்றாலும் வர்க்கி மலைக்குளிரில் தின்றால்தான் அப்படி நொறுங்குகிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். நீலகிரிக்குள் வெளியூர் வண்டி நுழைய 2024 மே முதல் இ-பாஸ் தேவை. முதல் நாளே இணையத்தில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். விடுதியிலேயே கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புவது நல்லது. வழிகாட்டியைப் பிடிக்கும்போது பறவைக் குரலை ஓடவிடுவாரா என்று கேளுங்கள். ஓடவிடுவேன் என்று பெருமையாகச் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள்.

என் பட்டியலில் அன்று இருபத்தாறு பறவைகள். கீழே இறங்கும்போது அப்பா தம் கணக்கைச் சொன்னார்: ஈப்பிடிப்பான், சோலைக்கிளி, ஓடைக்கல்லில் வாலாட்டியது ஒன்று, காட்டெருமை. ஆக நான்கு.