வாளையார் கேமரா கடை: காசு கொஞ்சம் கூடத்தான், ஆனா வேலை சுத்தம்

கஞ்சிக்கோட்டுல ஹைவே ஓரமா எங்க லாரி பட்டறை. டயரு பேட்டரி களவு போகுதுன்னு மூணு வருசம் முன்னாடி ஒரு ஆளை வச்சு நாலு கேமரா மாட்டினோம், போன மாசம் டிவிஆர் (கேமரா படத்தை பதிவு பண்ற பெட்டி) மக்கர் பண்ணவும் வாளையார்ல இருக்கற சின்ன கேமரா கடைக்கு போனேன்.

கடைக்கார தம்பி நேர்லயே வந்தாப்ல. "பாஸ்வேர்டு என்னங்ணா?"ன்னாரு, எனக்கு தெரியாது. அவரே அட்மின், ஒண்ணு ரெண்டு மூணுன்னு அடிச்சாரு, தொறந்துருச்சு! பழைய ஆளு அதை மாத்தவே இல்ல, போன்ல பாக்கறதுக்காக ரவுட்டர்லயும் போர்ட்டை, அதாவது வெளியில இருந்து நெட் வழியா உள்ள வர்ற வாசலை, தொறந்து விட்டுட்டு போயிருக்காரு.

எவனோ பாத்தா லாரியத்தான பாப்பான்னேன். அப்பத்தான் உக்ரைன் தலைநகர் கீவ்ல நடந்ததை சொன்னாரு. 2024 ஜனவரி 2, ரஷ்யா ஏவுகணை விட்ட அன்னைக்கு, அங்க ஒரு வீட்டு பால்கனி கேமராவையும் ஒரு அபார்ட்மென்ட் பார்க்கிங் கேமராவையும் ரஷ்யாக்காரங்க ஹேக் பண்ணி வான் பாதுகாப்பு எங்க இருக்குன்னு பாத்தாங்கன்னு உக்ரைன் உளவுத்துறையே சொல்லிருக்கு, பால்கனி கேமராவோட கோணத்தை கூட திருப்பிட்டாங்களாம். எங்க கேட் கேமரா நேரா ஹைவேயத்தான் பாக்குது, இதே கஞ்சிக்கோட்டுலதான் பட்டாளத்துக்கு வண்டி வேலை செய்யற பெமல் ஆலையும் இருக்கு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரலைங்க.

இதெல்லாம் நம்ம பக்கம் வராதுன்னு யாரும் நினைக்காதீங்க. 2017 மே மாசம் கம்ப்யூட்டரை பூட்டி காசு கேக்கற வானாக்ரை வைரஸ் வந்தப்ப பாலக்காடு ரயில்வே ஆபீஸ் கம்ப்யூட்டரும் மாட்டுச்சே. அதுக்கு வடகொரியாதான் காரணம்னு அமெரிக்கா சொல்லுச்சு, ஆனா அது பரவ உதவுன விண்டோஸ் சாப்ட்வேர் ஓட்டையை ரகசியமா வச்சிருந்தது அமெரிக்காவோட என்எஸ்ஏங்கற உளவு அமைப்புதான், அவங்ககிட்ட இருந்து லீக் ஆனதுதான் பாலக்காடு வரைக்கும் வந்துச்சு. ரெண்டு நாட்டு சண்டைக்கு நடுவுல நம்ம ஆபீஸ்.

போர்ட்டை அடைச்சு, பாஸ்வேர்டெல்லாம் மாத்தி, ரவுட்டர் சாப்ட்வேரை அப்டேட் பண்ணி, கேமராவுக்கு தனி லைன் போட்டு, கேட் கேமராவை ரோடு தெரியாம கீழ இறக்கி விட்டுட்டாரு. மலிவு கேமரா கேட்டதுக்கு தரமாட்டேன்னுட்டாரு, 2025 ஏப்ரல்ல இருந்து பாதுகாப்பு டெஸ்ட் பாஸான கேமராதான் விக்கணும்னு ரூல் இருக்காம். அது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

குறைன்னா, ஒரு நாள்ல முடியும்னவரு மூணு நாள் இழுத்துட்டாரு, போனும் சட்டுனு எடுக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை லீவு. போறப்ப வீட்டு ரவுட்டரையும் கையோட எடுத்துட்டு போங்க, பாத்து தருவாரு.