விறகு அடுப்பை எண்ணெய்க்கு மாத்தப் போய் 6,800 டொலர் போச்சு: மேப்பிள் பாணி காய்ச்சுறவை வாசியுங்கோ

ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. விடிய எழும்பிக் கொட்டிலுக்குப் போய் அந்த அடுப்பைப் பார்த்திட்டு வந்து, கோப்பி கூடக் குடிக்காம இருந்து இதை எழுதுறன். கோவத்தில எழுதுறன். எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. இதை நான் சொல்லாம விட்டா எங்கட ஆக்கள் இன்னும் ரெண்டு பேர் அதே கடைக்குப் போய் அதே கதையைக் கேட்டு மயங்குவினம். அதுக்காகத்தான்.

ஸ்காபரோவில இருபது வருசம் வேலை செய்து மிச்சம் பிடிச்ச காசில நானும் மனுசியும் ஒன்ராறியோவில லனார்க் பக்கம் காட்டோட ஒரு துண்டுக் காணி வாங்கினது கனபேருக்குத் தெரியும். காணியோட, சாறு எடுக்க 400 மரத்துக்குக் குழாய் பூட்டின மேப்பிள் தோப்பும், ஒரு கொட்டிலும், விறகில எரியிற 2 அடிக்கு 6 அடி இவாப்பரேற்றரும் (சாறை வத்தக் காய்ச்சிற, மேல பான் எண்ட தட்டையான பாத்திரம் வைச்ச அடுப்பு) வந்தது. என்ர அப்பா வடமராட்சியில பனையில இறக்கின கருப்பணி காய்ச்சினவர். தாச்சியில பாணி திரண்டு வாற மணம் எனக்குச் சின்ன வயசிலயே பழக்கம். அந்த ஆசையிலதான் இதுக்குள்ள இறங்கினன். ஆனா இது வேற கணக்கு. பனங் கருப்பணியில இனிப்பு பத்து வீதத்துக்கு மேல இருக்கும். மேப்பிள் சாறில ரெண்டு வீதம்தான். ஒரு லீற்றர் பாணி எடுக்க 43 லீற்றர் சாறு வத்த வேணும். மாசிக் கடைசியில இருந்து சித்திரை நடுப்பகுதி வரை, ராவில உறைஞ்சு பகலில உருகிற நாளிலதான் சாறு ஓடும். ஓடினா தாங்கியில வைச்சிருக்கவும் ஏலாது, ஒண்டு ரெண்டு நாளுக்குள்ள காய்ச்சிப்போட வேணும். பால் மாதிரித்தான், புளிச்சுப் பழுதாகிடும்.

விறகு அடுப்பெண்டா ஏழு எட்டு நிமிசத்துக்கு ஒருக்கா கதவைத் திறந்து விறகு போட வேணும். ஒரு நாள் ஓட்டம் எண்டா பன்னிரண்டு மணித்தியாலம் அப்பிடியே நிக்க வேணும். போன வருசம் எனக்குத் தோள்மூட்டு ஒப்பரேசன் நடந்தது. டொக்டர் பாரம் தூக்கக் கூடாது எண்டிட்டார். அப்பதான் டீசல் மாதிரி எரிபொருள் எண்ணெயில எரியிற பேர்னருக்கு மாத்துவம் எண்டு யோசிச்சனாங்கள். இஞ்ச கனபேர் மாத்தியிருக்கினம். ஒரு லீற்றர் எண்ணெய்க்குப் பத்து லீற்றர் தண்ணி வத்தும், நெருப்பு ஒரே சீரா நிக்கும், ஆள் பாணியை மட்டும் பார்த்துக்கொண்டு நிக்கலாம். யோசனையில பிழை இல்லை. பிழை நான் போன இடத்தில.

கடையின்ர பேரை எழுதேல்லை. பழைய பாணிக் கொட்டில் சாமான் வாங்கித் திருத்தி விக்கிற ஒரு கடை, எங்கட இடத்தில இருந்து ரெண்டு மணித்தியால ஓட்டம், விளம்பரம் பழைய சாமான் விக்கிற தளத்தில. இவ்வளவும் போதும்.

தை மாசம் ஒரு சனிக்கிழமை போனன். அந்த ஆளுக்கு அறுபது வயசிருக்கும். முத்தத்தில பனிக்குள்ள ஒரு பேர்னரைக் கொழுத்திக் காட்டினார். உறுமிக்கொண்டு எரிஞ்சுது, மஞ்சள் நாக்கு நீட்டி, புகை ஒரு சொட்டும் இல்லை. சட்டைப் பொக்கற்றுக்குள்ள இருந்து எண்ணெயைத் தெளிக்கிற பித்தளை நொசில் ஒண்டை எடுத்து என்ர உள்ளங்கையில வைச்சு, ‘இதுதான் இதின்ர உயிர், இதில குத்தியிருக்கிற இலக்கத்தை எப்பவும் பார்க்க வேணும்’ எண்டார். தாத்தா காலத்தில இருந்து காய்ச்சிற குடும்பமாம். 1998 உறைபனி மழையில அரைவாசித் தோப்பு முறிஞ்சு விழுந்ததாம். உங்கட ஊரில என்ன காய்ச்சுவியள் எண்டு கேட்டார். நான் முட்டிக்குச் சுண்ணாம்பு தடவிப் பனையில கட்டிறதைச் சொன்னன், சுண்ணாம்பு இல்லாட்டிப் புளிச்சுக் கள்ளாப் போகும் எண்டும் சொன்னன். அந்த ஆள் வேலையை விட்டிட்டு, கையைத் துடைச்சுப்போட்டு, முழுதும் கேட்டார். ‘கருப்பணி, கருப்பணி’ எண்டு ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தார். இந்த நாட்டில முப்பது வருசத்தில என்ர அப்பா செய்த தொழிலைப் பற்றி ஒரு வெள்ளைக்காரன் இருந்து கேட்டது அண்டைக்குத்தான்.

அந்த இடத்தில நான் விழுந்திட்டன். அதை நினைக்கத்தான் வயிறு எரியுது, காசை விட.

விலை 6,800 டொலர். ‘மணிக்கு 5 கலன் எண்ணெய் எரிக்கிற பேர்னர், புதுசு, உங்கட 2க்கு 6க்கு அளவா, உள் பக்கம் சூடு தாங்கிற நெருப்புக் கல்லும் செராமிக் போர்வையும் போட்டு, எங்கட ஆக்களே வந்து பூட்டித் தருவினம்.’ அரைவாசி முன்பணம், 3,400. மற்ற 3,400 பூட்டின பிறகு எண்டுதான் கதை. மாசி நடுவில ரெலிபோன் வந்தது. சாமான் எடுக்கக் காசு தேவை, இல்லாட்டி சீசனுக்கு முதல் பூட்ட ஏலாது எண்டார். மனுசி சொன்னவ, ‘இஞ்சேருங்கோ, பூட்டினாப் பிறகு குடுப்பம், ஏன் இப்ப அவசரப்படுறியள்?’ எண்டு. நான் கேக்கேல்லை. ஈ-ட்ரான்ஸ்ஃபரில ரெண்டாவது 3,400ஐயும் அனுப்பினன். ரசீது கேட்டன், ‘ஆக்கள் வரேக்க கொண்டு வருவினம்’ எண்டார். 6,800 டொலர், ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல்.

மாசிக் கடைசியில ரெண்டு பெடியள் வந்தாங்கள். மூண்டு மணித்தியாலத்தில வேலை முடிஞ்சுது. விறகு போடுற வார்ப்பிரும்புக் கதவையும் அடியில விறகு கிடந்து எரியிற தட்டையும் கழட்டி, ‘பழைய இரும்பு, நாங்களே கொண்டு போறம்’ எண்டு ட்ரக்கில ஏத்திக்கொண்டு போட்டாங்கள். உதவி செய்யிறாங்கள் எண்டு நினைச்சு ஆளுக்கு ஒரு போத்தில் பாணி வேற குடுத்து அனுப்பினன்.

முதல் சந்தேகம் எண்ணெய்க்காரன் வந்தபோது வந்திருக்க வேணும். எண்ணெய் நிரப்ப வந்த ட்ரைவர் தாங்கியைப் பார்த்தான், பேர்னரைச் சுத்தி ஒரு நடை நடந்தான், ‘ஆர் பூட்டினது? சேட்டிபிக்கற் எங்க?’ எண்டான். ஒன்ராறியோவில எண்ணெய் அடுப்பு பூட்டுறதுக்கு ரி.எஸ்.எஸ்.ஏ. எண்ட தொழில்நுட்பப் பாதுகாப்பு அதிகாரசபையின்ர சேட்டிபிக்கற் எடுத்த ஓ.பி.ரி. எண்ணெய் பேர்னர் ரெக்னீசியன் வேணும், அந்த ஆள் சோதிச்சு எழுதித் தராத இடத்தில எண்ணெய் விடக் கூடாது எண்டு சொல்லிப்போட்டு, குழாயைச் சுத்திக்கொண்டு திரும்பிப் போயிட்டான். கடைக்கு அடிச்சன். ‘கொட்டிலுக்கு அதெல்லாம் ஆர் பார்க்கிறது, கேனில டீசல் வாங்கி ஊத்து’ எண்டார். நானும் ஊத்தினன். அண்டைக்கு நிப்பாட்டியிருக்க வேணும். சாறு ஓடத் தொடங்கிற கிழமை, தலைக்குள்ள வேற ஒண்டும் இல்லை.

பங்குனி இரண்டாம் கிழமை சாறு நல்ல ஓட்டம். தாங்கியில 1,800 லீற்றர். விடிய ஆறு மணிக்குக் கொழுத்தினன். எட்டு மணிக்கும் முன் பானில சின்னச் சின்னக் கொப்புளம்தான். விறகில மணிக்கு 150 லீற்றர் வத்தின பான் அது. இதில 50 கூட வத்தேல்லை. பத்து மணிக்குப் புகைபோக்கியில கறுத்தப் புகை. மத்தியானம் கொட்டிலுக்குள்ள எண்ணெய் நாத்தம், கண் எரியுது. அடுத்த நாள் பின்னேரம் வரை நிண்டு ஒரு தரம் பாணி இறக்கினன். நாக்கில வைச்ச மனுசி ஒண்டும் கதைக்காமல் வெளிய போய்த் துப்பிப்போட்டு வந்தவ. டீசல். பாணியில டீசல் மணம். அதை முழுக்க ஊத்தினனாங்கள். தாங்கியில மிஞ்சின சாறு மூண்டாம் நாள் கலங்கி, மஞ்சளாகி, நூல் இழுத்துது. ஆயிரம் லீற்றருக்கு மேல வாய்க்காலுக்குள்ள போச்சு.

அண்டைக்கே கடைக்கு அடிச்சன். சொன்ன பதிலுகளைக் கேளுங்கோ. முதல் நாள்: ‘நொசில் அடைச்சிருக்கும், கழட்டித் துடை.’ துடைச்சன். ரெண்டாம் நாள்: ‘உன்ர டீசல் சரியில்லை.’ மாத்தினன். அதுக்குப் பிறகு: ‘உன்ர புகைபோக்கி கட்டை, உயரம் காணாது.’ விறகுக்கு இருபது வருசம் இழுத்த புகைபோக்கிக்குத் திடீரெண்டு என்ன வந்தது? பிறகு: ‘இது சீசன் நேரம், நானும் காய்ச்சிக்கொண்டு நிக்கிறன், சித்திரைக்குப் பிறகு கதைப்பம்.’ சித்திரைக்குப் பிறகு எனக்கு எதுக்கு பேர்னர்? ஐஞ்சாந்தரம் எடுத்த பொம்பிளை, பூட்டின பெடியள் கடை ஆக்கள் இல்லை, வெளி ஆக்கள், அவையோட கதையுங்கோ எண்டா. அவையின்ர நம்பர் கேட்டன், தன்னட்டை இல்லையாம். 6,800 டொலர் வாங்கேக்க எல்லாரும் ஒரு குடும்பம்.

கடைசியா சேட்டிபிக்கற் உள்ள ஒரு ரெக்னீசியனைக் கூப்பிட்டன். 260 டொலர். அதை முதலே குடுத்திருந்தா இண்டைக்கு இந்தப் பதிவே இல்லை. அந்த மனிசன் முதல் ஒரு கைப்பம்பால புகைபோக்கிக்குள்ள இருந்த புகையை வெள்ளைத் தாளுக்குள்ளால இழுத்தார். தாளில விழுற பொட்டின்ர கறுப்பைப் பார்த்து 0 தொடக்கம் 9 வரை அளவு சொல்லுவினமாம். நல்லா எரியிற பேர்னர் 0 அல்லது 1. எங்கட பொட்டு தார் மாதிரி. ‘இதுக்கு மேல அட்டையில இலக்கம் இல்லை’ எண்டார். பிறகு பேர்னரைக் கழட்டினார். நொசிலில குத்தியிருந்த இலக்கம் 1.50. மணிக்கு ஒன்றரைக் கலன். 2க்கு 6 பானுக்கு நாலு, நாலரைக் கலனாவது எரிய வேணும். இது வீட்டு ஃபேர்னஸில இருந்து கழட்டின பழைய பேர்னர், மேல புது நீலப் பெயின்ற், விபரத் தகடு இருந்த இடத்தில ரெண்டு ஆணி ஓட்டை. பெரிய நொசில் போட்டாச் சரிவராதா எண்டு கேட்டன். இந்த மொடல் அவ்வளவு எண்ணெய்க்குத் தேவையான காத்தைத் தராது எண்டார்.

பிறகு கல்லைக் கழட்டினார். சுவாலைக்கு முன்னால நிக்க வேண்டிய கல்லுச் சுவரே இல்லை. சுவாலை நேரா மேல போய்க் குளிர்ந்த பானின்ர அடியில முட்டி, எரிஞ்சு முடிய முதலே கரியாப் படிஞ்சிருக்கு. பானின்ர அடியில விரல் வைச்சன், நகம் மூடுற அளவுக்குக் கரி. அந்தக் கரியே சூட்டை மறிக்கும். கல்லுக்குப் பின்னால செராமிக் போர்வை எண்டு காசு வாங்கின இடத்தில என்ன இருந்தது தெரியுமா? வீட்டுச் சுவருக்குள்ள வைக்கிற ரோஸ் நிறக் கண்ணாடிப் பஞ்சு. சூட்டில உருகிக் கட்டியாகிப்போய், அதை அவர் கொறட்டால இழுத்து நிலத்தில போட்டார். சின்னச் சின்னக் கண்ணாடி மணியா உதிர்ந்துது. மரக் கொட்டில் அது. இதை வைச்சு ரெண்டு ராத்திரி தூங்காமல் எரிச்சிருக்கிறன். மனுசி பக்கத்தில கதிரையில இருந்தவ.

படம் எல்லாம் எடுத்துக் கடைக்கு அனுப்பினன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான். வங்கிக்குப் போனன். நீங்களாவே அனுப்பின ஈ-ட்ரான்ஸ்ஃபர், மற்றவை எடுத்திட்டினம், திருப்ப ஏலாது எண்டிட்டினம். விளம்பரம் போட்ட தளத்துக்கு எழுதினன். ‘இது வாங்கினவருக்கும் வித்தவருக்கும் இடையில உள்ள விசயம்’ எண்டு ஒரு தானியங்கிப் பதில். விளம்பரம் இண்டைக்கும் அப்பிடியே கிடக்கு. சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குக் கடதாசி நிரப்பிக்கொண்டிருக்கிறன். ரசீது இல்லாமல் என்ன நடக்குமோ தெரியாது.

என்ன செய்ய வேணும் எண்டு விபரமா எழுத நினைச்சுத்தான் இருந்தனான். கை நடுங்குது, முக்கியமானதை மட்டும் சொல்லுறன். பூட்டி, ஓ.பி.ரி. ரெக்னீசியன் வந்து பார்த்து எழுதித் தந்தாப் பிறகுதான் மிச்சக் காசு. பேர்னரின்ர விபரத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, தகடு இல்லாட்டி வாங்காதேங்கோ. நொசில் இலக்கத்தை உங்கட கண்ணால பாருங்கோ. தைக்குப் பிறகு மாத்தாதேங்கோ, வைகாசியில மாத்துங்கோ, அப்ப சண்டை பிடிக்க நேரம் இருக்கும். பழைய கதவையும் தட்டையும் ஆருக்கும் குடுக்காதேங்கோ. எண்ணெய்க்காரன் விடமாட்டன் எண்டா அவன்ர சொல்லைக் கேளுங்கோ.

கதவும் தட்டும் இருந்தா இண்டைக்கே விறகுக்குத் திரும்பிடுவன், தோள் நொந்தாலும் பரவாயில்லை. இப்ப வெளியில 6 பாகை, சாறு ஓடுது. பக்கத்துக் காணிக்காரர் தன்ர தாங்கியைக் கொண்டு வந்து அள்ளிக்கொண்டு போறார், காய்ச்சிப் பாதிக்குப் பாதி தருவார். நல்ல மனிசன். விடிய அந்தக் கடைக்குத் திரும்பவும் மெசேஜ் போட்டன். 6,800ஐப் பிறகு பார்ப்பம், என்ர கதவையும் தட்டையும் எண்டாலும் கொண்டு வந்து தாங்கோ எண்டு. பார்த்ததுக்கு அடையாளம் விழுந்திருக்கு. பதில் இன்னும் வரேல்லை.