கல்லடியில் ஒரு எஸ்டிஆர் டாங்கிள்

மட்டக்களப்பில் வானொலி அலைகளை மடிக்கணினியில் பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, ஆர்820டி2 டியூனர் சிப் (வேண்டிய அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கும் சிப்) உள்ள எஸ்டிஆர் யூஎஸ்பி டாங்கிளைத் தாராளமாகச் சொல்வேன்; எஸ்டிஆர் என்றால் வானொலி வேலையைப் பெரும்பாலும் மென்பொருளிலேயே செய்யும் ஏற்பி. எனக்கு இதில் பிடித்ததே உள்ளே இருந்து வேண்டாத அதிர்வெண்களை வெட்டும் அனலாக் வடிகட்டிதான். சிலிக்கானில் செய்யும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மதிப்புகள் சிப்புக்குச் சிப் நன்றாகவே மாறும், அதோடு வடிகட்டியின் வெட்டு அதிர்வெண்ணும் (வெட்டத் தொடங்கும் இடம்) நகர்ந்துவிடும், அதனால் தொடங்கும்போதே டிரைவர் மென்பொருள் அதை அளந்து திருத்திவிடுகிறது. அருமையான ஏற்பாடு! அப்புறம், வடிகட்டி உள்ளே விடும் பட்டை அகலத்தை மென்பொருளிலேயே குறைக்கலாம். பின்னால் வரும் ஏடிசி (சிக்னலை எண்களாக மாற்றும் பகுதி) வெறும் 8 பிட், பலமான சிக்னலுக்கும் மெல்லியதுக்கும் இடையே கிட்டத்தட்ட 50 டெசிபல் வித்தியாசம்தான் தாங்கும், பக்கத்து நிலையத்தை அதற்கு முன்பே வெட்டினால்தான் மெல்லிய சிக்னல் தப்பும்.

குறை ஒன்று உண்டு. முதல் பெருக்கி வடிகட்டிக்கு முன்னால் இருப்பதால், கல்லடிக் கடற்கரையில் நின்று 137.9 மெகாஹெர்ட்ஸில் மெட்டியோர் வானிலைச் செயற்கைக்கோளைத் தேடும்போது பலமான எஃப்எம் நிலையங்கள் அந்தப் பெருக்கியைத் திணறடிக்கலாம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையான எஃப்எம் பட்டையைத் தடுக்கும் வெளி வடிகட்டி ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள். கூட வரும் குட்டி ஆன்டெனாவை நம்ப வேண்டாம்.