ஹைவேயில் மின்சார கார்: 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட்?

நீண்ட பயணம் கிளம்பும்போது எல்லோருடைய கண்ணும் திரையில் தெரியும் 'மீதி கிலோமீட்டர்' மேல்தான் இருக்கும். ஹைவேயில் நம்பக் கூடாத எண்ணும் அதுதான். கடைசியாக ஓடிய தூரத்தில் எவ்வளவு மின்சாரம் செலவானதோ, அதை வைத்துத்தான் பெரும்பாலான கார்கள் அந்தக் கணக்கைப் போடுகின்றன. ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டிவிட்டுக் கிளம்பினால் 380 என்று காட்டும். ஹைவேயில் 30 கிலோமீட்டர் போவதற்குள் 60 குறைந்திருக்கும். கார் சரியாகத்தான் இருக்கிறது. ஊருக்குள் ஓடிய கணக்கு ஹைவேக்குப் பொருந்தவில்லை.

பார்க்க வேண்டிய எண், 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் (திரையில் kWh) என்பது. ஹைவே ஏறியதும் டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, சீரான வேகத்தில் 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். 50 யூனிட் பேட்டரியில் 60% இருக்கிறது என்றால் கையில் 30 யூனிட். 10% கையிருப்பாக 5 யூனிட்டை ஒதுக்கினால் மீதி 25. மீட்டர் 15.7 காட்டினால் இன்னும் 159 கிலோமீட்டர் தைரியமாகப் போகலாம். பயணம் முழுக்க இந்த ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

செலவைத் தீர்மானிப்பது முக்கியமாக வேகம். டயரின் உருளல் தடை கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1,700 கிலோ எடையுள்ள நடுத்தர காருக்கு, ஏசியையும் சேர்த்துக் கணக்கிட்டால், மணிக்கு 80-ல் சுமார் 12.6 யூனிட், 100-ல் 15.7, 120-ல் 19.7 ஆகும். அதே 50 யூனிட் பேட்டரியில் 10%-லிருந்து 80% வரை உள்ள 35 யூனிட்டை வைத்துப் பார்த்தால் அது முறையே 278, 223, 178 கிலோமீட்டர். ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை (ரேஞ்ச்) அளக்கும் டபிள்யூஎல்டிபி (WLTP) என்ற சோதனையின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்தான். விளம்பரத்தில் சொல்லும் ரேஞ்ச் ஹைவேயில் ஏன் வருவதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இங்கே வேகம் என்றால் ஸ்பீடோமீட்டர் காட்டுவது மட்டும் இல்லை, காற்றுக்கு எதிரான வேகம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் எதிர்க்காற்றில் 100-ல் போனால் 120-ல் போகிற அளவுக்கு மின்சாரம் செலவாகும். பின்காற்று அடித்தால் 80-ல் போகிற செலவுதான். போகும்போது ஒரு கணக்கு, திரும்பும்போது வேறு கணக்கு என்று குழம்புகிறவர்கள் முதலில் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று பார்க்க வேண்டும். மேல் கேரியர் காலியாக இருந்தாலும் காற்றைத் தடுக்கும். தேவையில்லாத நாளில் கழற்றி வைப்பது நல்லது.

அப்படியென்றால் மெதுவாகப் போவதுதான் லாபமா? சார்ஜரைப் பொறுத்தது. சராசரியாக 50 கிலோவாட் தரும் சார்ஜர் இருந்தால், 100 கிலோமீட்டருக்கு ஓட்டும் நேரமும் சார்ஜ் நேரமும் சேர்ந்து 100 வேகத்தில் 79 நிமிடம், 120-ல் 74 நிமிடம். 25 கிலோவாட் சார்ஜர் என்றால் இரண்டுமே சுமார் 97 நிமிடம்தான். மெதுவான சார்ஜர்கள் உள்ள பாதையில் 120-ல் விரட்டுவது வெறும் அலுப்பு. 80%-க்கு மேல் டிசி சார்ஜரில் (வழியில் உள்ள வேக சார்ஜர்) காத்திருப்பதும் அப்படித்தான்: அதற்குமேல் மின்சாரம் ஏறும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அடுத்த சார்ஜரை எட்டும் அளவு வந்ததும் கிளம்பிவிடுவதே சரி.

ஏசியைப் பற்றிய பயம் ஹைவேயில் தேவையில்லாதது. ஒரு கிலோவாட் எடுக்கும் ஏசி 100 வேகத்தில் 100 கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் தின்னும். நெரிசலில் 20 வேகத்தில் ஊர்ந்தால்தான் அதுவே ஐந்து யூனிட். கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் காற்றுத் தடைதான் கூடும். குளிர்நாளில் ஹீட்டர் அதிகம் எடுக்கும். இருக்கைச் சூடு இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஹீட்டரைக் குறைக்கலாம்.

மலை ஏறினால் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் சுமார் அரை யூனிட் கூடுதலாகப் போகும். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் ரீஜெனில், அதாவது மோட்டாரே காரின் வேகத்தைக் குறைத்து மின்சாரம் தயாரிப்பதில், திரும்பும். ஆனால் உச்சியிலேயே 100% சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால் பேட்டரியில் வாங்கிக்கொள்ள இடமிருக்காது, ரீஜென் பலமும் குறைந்துவிடும். மேலே தங்குகிறவர்கள் 80 அல்லது 85%-ல் நிறுத்திக்கொள்ளலாம்.

சில வருடம் ஓடிய காரில் 'ரேஞ்ச் குறைந்துவிட்டது' என்ற புகார் வந்தால் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். 100 கிலோமீட்டருக்கு அதே 15.7-தான் வருகிறது, தூரம் மட்டும் குறைகிறது என்றால் பேட்டரியின் கொள்ளளவு தேய்ந்திருக்கிறது. 50 யூனிட்டில் 8% போனால் 46. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரியாக இருந்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. அதன் வோல்டேஜ் நடுப்பகுதியில் அசையாமல் நிற்பதால், வெகுநாள் 100% ஏற்றாமல் விட்டால் சதவீதக் கணக்கு தவறிப்போய், அடியில் திடீரென்று சரியும். கையேட்டில் சொல்லியபடி அவ்வப்போது முழுதாக ஏற்றினால் அது சரியாகும்.

யூனிட் கணக்கே 17, 18 என்று ஏறியிருந்தால் பேட்டரியைக் குறை சொல்லக் கூடாது. முதலில் டயர் காற்று, குளிர்ந்த நிலையில், கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு. அடுத்து வீல் அலைன்மென்ட். டயரை மாற்றிய பிறகு கூடியிருந்தால், முன்பிருந்தது உருளல் தடை குறைவான டயர், இப்போதையது சாதாரண டயர் என்று இருக்கலாம். கடைசியாக பிரேக். ரீஜெனிலேயே ஓடும் காரில் டிஸ்க் பிரேக் அரிதாகத்தான் வேலை செய்யும், அதனால் துரு ஏறி, டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் காலிப்பர் இறுகிக்கொள்ளும். ஹைவேயில் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் மெல்ல நிறுத்தி, டிஸ்க்கைத் தொடாமல் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தக் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதன் பின்களுக்கு கிரீஸ் வைக்கச் சொல்ல வேண்டும்.