பிரேக் விளக்குக்கு எல்இடி பல்பு மாற்ற நினைப்பவர்கள் கவனத்திற்கு

கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ ஓரமாக உள்ள ஒரு கார் அக்சசரி கடையில் என் காரின் பிரேக் பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி பல்புகளைப் பொருத்துவதற்கு 180 வெள்ளி கொடுத்தேன். அவர்கள் செய்த வேலையால், இரவில் நான் பிரேக் பிடிப்பதே பின்னால் வருபவர்களுக்குத் தெரியாமல் போனது. அதே பல்புகள் அங்கே இன்றும் விற்கப்படுவதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

மெல்லிய கம்பி இழை சூடாகி எரியும் வழக்கமான இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ 0.2 வினாடி பிடிக்கும், எல்இடி உடனே எரிந்துவிடும், நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரம் பின்னால் வருபவருக்கு 6 மீட்டர் தூரத்தை மிச்சப்படுத்தும் என்று விற்பனையாளர் விளக்கினார். அது உண்மைதான். தொழிற்சாலையிலேயே எல்இடிக்கென வடிவமைத்த விளக்குகளில் அந்தப் பலன் கிடைக்கிறது. ஆனால் இழை பல்புக்காகச் செய்த விளக்கில் மலிவான எல்இடியைச் சொருகினால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவே இல்லை.

பத்துமலையிலிருந்து ஓர் இரவு வீடு திரும்பியபோது என் பின்னால் தன் காரில் வந்த தம்பி, இறங்கியதும் முதலில் கேட்டது இதைத்தான்: "அண்ணே, நீங்க பிரேக் போடுறதே தெரியலயே, லைட்டுல என்ன செஞ்சீங்க?" வாசலிலேயே சோதித்துப் பார்த்தோம். பின்விளக்கு எரியும்போது பிரேக்கை மிதித்தால் வெளிச்சம் சற்றே கூடியதே தவிர, பிரேக் என்று அடையாளம் காணும் அளவுக்கு மாறவில்லை. அதைவிட மோசமாக, பின் கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு, பிரேக்கைத் தொடாதபோதும் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது.

செந்தூலில் பல காலமாகக் கார் வயரிங் வேலை செய்யும் ஒரு பெரியவர் காரணங்களை எனக்குக் காட்டினார். என் காரில் இருந்தது பி21/5டபிள்யூ வகை. அந்த ஒரே பல்பில் பிரேக்குக்கு 21 வாட் இழையும், பின்விளக்குக்கு 5 வாட் இழையும் உள்ளன. முதலாவது சுமார் 440 லூமென் வெளிச்சம் தரும், இரண்டாவது 35 லூமென்தான் தரும். பன்னிரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டைக் கண்டுதான் பின்னால் வரும் ஓட்டுநர் தன் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகிறார். எனக்குப் பொருத்திய பல்பில் பின்விளக்கு தேவைக்கு மிஞ்சிய பிரகாசத்துடனும், பிரேக் தேவையைவிடக் குறைவாகவும் இருந்தன. அது வெள்ளை எல்இடி என்பதால் சிவப்பு மூடி அதன் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. ஒளிச் சில்லுகளும் இழை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால், உள்ளே இருக்கும் எதிரொளிப்புக் கிண்ணத்தில் ஒளி சரியாக விழவில்லை. பல்புக்குள் இரண்டு இணைப்புகளும் முறையாகப் பிரிக்கப்படாததால் பின்விளக்கு மின்சாரம் பிரேக் இணைப்புக்குள் கசிந்து, மூன்றாவது விளக்கையும் எரிய வைத்திருக்கிறது.

எனக்கு மிகுந்த கோபம் வந்தது அடுத்து அவர் காட்டியதைப் பார்த்துத்தான். எல்இடி குறைந்த மின்சாரமே எடுப்பதால், பல்பு பழுதானதாக என் காரின் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். அதை மறைப்பதற்கு, என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அசல் வயர்களை வெட்டி, கூடுதல் மின்சாரத்தை இழுத்து வெப்பமாக்கும் 6 ஓம் ரெசிஸ்டர்களை இணைத்திருந்தார்கள். எஞ்சின் ஓடும்போது, பிரேக் பிடித்த நேரமெல்லாம் அவை ஒவ்வொன்றும் 30 வாட் அளவுக்கு வெப்பத்தைக் கக்கும். அவற்றை உலோகத்தில் திருகிப் பொருத்தாமல், விளக்கின் பிளாஸ்டிக் கூட்டின் மேலேயே டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் பழுத்து நிறம் மாறியிருந்தது. மாலை நெரிசலில் நெடுநேரம் பிரேக்கை மிதித்தபடி நிற்கும் இந்த நகரத்தில் இப்படிச் செய்வது தீயோடு விளையாடுவதாகும்.

கடைக்குத் திரும்பிச் சென்று கேட்டபோது, மின்சாதனத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள், எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள் என்றார்கள். கழற்றிய பழைய பல்புகளைக் குப்பையில் போட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். ரசீதில் "விளக்கு" என்பதற்கு மேல் எந்த விவரமும் இல்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு 5 வெள்ளி கட்டணத்தில் மனு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. நான் மனு செய்துவிட்டேன். செந்தூல் பெரியவர் எழுதிக் கொடுத்த பழுது விவரமும், வெட்டிய வயர்களின் படங்களும் அதில் இணைந்துள்ளன.

ஏற்கெனவே மாற்றியவர்கள் இன்றிரவே காரின் முன்விளக்கைப் போட்டு, வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். பக்கவாட்டிலும் நகர்ந்து பார்க்க வேண்டும். மிதிக்காதபோது மூன்றாவது விளக்கு முற்றிலும் அணைந்திருக்க வேண்டும், மிதித்ததும் வேறுபாடு கண்ணில் அடிக்க வேண்டும். இல்லையென்றால் சில வெள்ளிக்குக் கிடைக்கும் அசல் இழை பல்பையே திரும்பப் போட்டுவிடுங்கள். புதிதாக மாற்றச் செல்பவர்கள், வயரை வெட்டக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி, பல்பின் வகையை ரசீதில் எழுதி வாங்கி, கழற்றிய பல்புகளையும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.