கஞ்சா கடைக்கு லைசென்ஸ்: ஓக்லஹோமா வழியா, நியூயார்க் வழியா?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 2018-இல் மருத்துவக் கஞ்சா கடை போட நினைத்தவர் 2,500 டாலர் கட்டி விண்ணப்பம் கொடுத்தால் போதும். 14 நாளில் பதில் சொல்லியாக வேண்டும் என்று அரசுக்குச் சட்டமே கெடு வைத்திருந்தது. நான்கு ஆண்டு கழித்து நியூயார்க்கில் முதல் சுற்றுக் கடை உரிமம் கேட்டுப் போனவர்களிடம் கேட்கப்பட்ட தகுதி வேறு: உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ பழைய கஞ்சா வழக்கில் தண்டனை ஆகியிருக்க வேண்டும். அதோடு, லாபத்தில் ஓடிய ஒரு தொழிலை இரண்டு ஆண்டாவது நடத்தியிருக்கவும் வேண்டும்.

சரக்கு ஒன்றுதான். ஆனால் யாரை உள்ளே விடுவது என்ற கேள்விக்கு இரண்டு மாநிலங்களும் நேர் எதிரான பதில் சொன்னன. பிறகு இரண்டுமே தங்கள் விதிகளைத் திருத்தின. அதுவும் எதிரெதிர்த் திசையில். அகலத் திறந்தவர்கள் கதவைச் சாத்துகிறார்கள், ஒருக்களித்து வைத்தவர்கள் அவசரமாகத் திறக்கிறார்கள்.

நம்மூர் வாசகருக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். டாஸ்மாக் மாதிரி அரசே கடை நடத்திவிட்டுப் போக வேண்டியதுதானே? மாநில அரசுகளால் அது முடியாததற்குக் காரணம், 1970-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் கஞ்சாவைப் போதைப்பொருள்களின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்ததுதான். மாநில ஊழியர் கல்லாவில் உட்கார்ந்து விற்றால், அவர் நாட்டின் சட்டத்தை நேரடியாக மீறியவர் ஆகிறார். உரிமம் கொடுத்து, வரி வாங்கி, தள்ளி நிற்பதுதான் மாநிலங்களுக்குப் பாதுகாப்பு. விதிவிலக்காக, வாஷிங்டன் மாநிலத்தின் நார்த் பொன்னவில் என்ற சிற்றூர் 2015-இல் ஊர் நிர்வாகத்தின் சார்பிலேயே ஒரு கடையைத் திறந்தது. அந்த வழி மற்ற இடங்களுக்குப் பரவவில்லை.

சரி, ஓக்லஹோமாவுக்கு வருவோம். 2018 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டம் அது. எந்த நோய்க்குக் கஞ்சா வாங்கும் அட்டை தரலாம் என்ற பட்டியலே கிடையாது, டாக்டர் எழுதிக் கொடுத்தால் சரி. எத்தனை கடை, எத்தனை பண்ணை என்ற உச்சவரம்பும் கிடையாது. சுமார் 40 லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அட்டை வைத்திருந்த காலம் உண்டு. கடைகள் 2,000-ஐத் தாண்டின. கிட்டத்தட்ட பத்து மடங்கு மக்கள் இருக்கிற கலிஃபோர்னியாவில்கூட அத்தனை கடை இல்லை.

முதல் இரண்டு ஆண்டு எல்லோருக்கும் கொண்டாட்டம். அப்புறம்தான் கணக்கு இடித்தது. பண்ணை உரிமங்கள் மட்டும் ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன. உள்ளூர் அட்டைதாரர்கள் எல்லோரும் சேர்ந்து புகைத்தாலும் தீராத விளைச்சல். உரிமையில் 75 சதவீதம் ஓக்லஹோமாவாசியிடம் இருக்க வேண்டும் என்ற விதிக்குப் பினாமி பிடித்தார்கள். பெயருக்கு ஓர் உள்ளூர்க்காரர், பணம் எங்கிருந்தோ. மிஞ்சிய சரக்கு மாநில எல்லை தாண்டிக் கள்ளச்சந்தைக்குப் போனது. 2022 ஆகஸ்ட் 26 முதல் புதிய உரிமங்களுக்குத் தடை போட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு என்று தொடங்கிய தடை 2026 வரை நீண்டது. ஒரே கட்டணம் என்பதை மாற்றி, பண்ணையின் பரப்புக்கு ஏற்பக் கட்டணம் வைத்தார்கள். பண்ணைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே சரிந்தது. பொழுதுபோக்குக்கும் அனுமதிக்கலாமா என்று 2023 மார்ச்சில் கேட்டபோது மக்கள் முடியாது என்றார்கள்.

ஒரிகானும் இதே பாதையில் முன்னமே போய் அடிபட்ட மாநிலம். அங்கேயும் ஆரம்பத்தில் வரம்பு இல்லை. 2019 ஜனவரியில் அதன் ஒழுங்குமுறை ஆணையமே வெளியிட்ட அறிக்கையின்படி, கையிருப்பு ஆறரை ஆண்டுத் தேவைக்குச் சமம். 2016-இல் கடையில் கிராம் பத்து டாலருக்கு விற்றது, இரண்டே ஆண்டில் ஐந்துக்கும் கீழே போனது. 2024-இல்தான் உரிம எண்ணிக்கையை மக்கள்தொகையோடு நிரந்தரமாகக் கட்டினார்கள்: 21 வயது நிரம்பிய 7,500 பேருக்கு ஒரு பண்ணை, அதே விகிதத்தில் ஒரு கடை. ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை அந்த வரம்பைவிட அதிகம் என்பதால், புதிதாக வருபவருக்கு இனி உரிமம் கிடைப்பது குதிரைக் கொம்புதான்.

நியூயார்க்கின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். கஞ்சா வழக்குகளில் அதிகம் சிக்கியவர்கள் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவரும். அவர்களுக்கே முதல் கடை என்ற எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோளாறு வரிசைமுறையில். 2021 மார்ச் 31-இல் சட்டம் வந்தது. 2022-இல் 200-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு முதலில் பயிரிட அனுமதி கொடுத்தார்கள், அவர்களும் நட்டு, அறுத்து, உலர்த்திவிட்டார்கள். விற்கக் கடை? முதல் கடை மன்ஹாட்டனில் திறந்தது அந்த ஆண்டு டிசம்பர் 29-இல். கடைகளை அமைத்துக் கொடுக்க 20 கோடி டாலர் நிதி திரட்டுவோம் என்ற வாக்குறுதியும் இழுத்துக்கொண்டே போனது. 2023 ஆகஸ்டில், ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள் ‘சட்டத்தில் எங்களுக்கும் முன்னுரிமை உண்டே’ என்று வழக்குப் போட, நீதிமன்றம் உரிமப் பணியையே நிறுத்திவைத்தது. அப்போது மாநிலம் முழுக்க இருபது சொச்சம் கடைகள்தான். விவசாயியின் கொட்டகையில் சரக்கு பழசாகிக்கொண்டிருந்தது. நியூயார்க் நகரத்தின் தெருக்களிலோ உரிமமே இல்லாத கடைகள் ஆயிரக்கணக்கில், பச்சை விளக்கு போட்டுத் திறந்தே வியாபாரம் செய்தன.

கதவை இறுக்கிப் பிடித்தால் கூட்டம் குறையும் என்று நினைப்பது தப்பு. பக்கத்துச் சந்தில் வேறு கதவு திறந்துகொள்ளும். 2024-இல் உள்ளூர் நிர்வாகங்களுக்கு உடனே பூட்டுப் போடும் அதிகாரம் கிடைத்த பிறகு, சில மாதங்களிலேயே நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளக் கடைகள் பூட்டப்பட்டன. உரிமக் கடைகளின் விற்பனையும் ஏறியது. அந்த அதிகாரத்தை முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

ஆனாலும் நியூயார்க்கின் தடுமாற்றம் அத்தோடு முடியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கடை 500 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. வாசலுக்கு வாசல் அளந்து உரிமம் கொடுத்துவிட்டு, பள்ளி வளாகத்தின் எல்லையிலிருந்து அளந்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். வாடகை ஒப்பந்தம் போட்டு, அலமாரி அடித்து, வியாபாரமும் தொடங்கிவிட்டவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். தவறு அளந்தவருடையது, தூக்கம் போனது கடைக்காரருக்கு.

உரிமத்துக்கு அடுத்த தலைவலி வரி. எதன் மேல் வரி போடுகிறார்கள் என்பதுதான் முக்கியம், சதவீதம் அடுத்த கதை. கலிஃபோர்னியா 2018-இல் எடைக்கு வரி போட்டது, உலர்ந்த பூ ஓர் அவுன்சுக்கு 9.25 டாலர். விலைவாசிக்கு ஏற்ப அது 10.08 ஆக ஏறியது. ஒரு பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ், ஆக 161 டாலர். பவுண்டு ஆயிரம் டாலருக்கு விற்றபோது இது தாங்கக்கூடிய சுமை. விளைச்சல் பெருகி, வெட்டவெளியில் விளைந்த சரக்கு சில நூறு டாலருக்கு இறங்கியபோதும் வரி அதே 161-தான். முந்நூறுக்கு விற்றவருக்குப் பாதிக்கு மேல் வரிக்கே போயிற்று. 2022 ஜூலையில் அந்த வரியைத் தூக்கினார்கள். ஆனால் அதை ஈடுகட்ட, 15 சதவீதக் கலால் வரி பின்னர் உயர வழி செய்து வைத்தார்கள். அதன்படி 2025 ஜூலையில் 19 ஆனது, மூன்றே மாதத்தில் மறுபடியும் 15-க்கு இறக்கினார்கள். இடையில் கல்லாக் கணினியை இரண்டு தடவை மாற்றி எழுதிய கடைக்காரரை யாரும் கேட்கவில்லை.

நியூயார்க் போதையின் அளவுக்கு வரி போட்டது. தின்னும் பண்டத்தில் போதைப்பொருள் ஒரு மில்லிகிராமுக்கு மூன்று சென்ட். பத்து மில்லிகிராம் மிட்டாய் பத்து கொண்ட டப்பா என்றால் மூன்று டாலர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, கணக்கு வைப்பதுதான் வதை. 2024 ஜூனிலிருந்து அதை விட்டுவிட்டு மொத்த விலையில் ஒன்பது சதவீதம் என்று மாற்றினார்கள். அதே டப்பாவின் மொத்த விலை பத்து டாலர் என்று வைத்துக்கொண்டால் வரி 90 சென்ட்.

வாஷிங்டன் மாநிலம் இந்தப் பாடத்தைச் சீக்கிரமே படித்தது. விளைவிப்பவர், பக்குவப்படுத்துபவர், விற்பவர் என்று ஒவ்வொரு கட்டத்திலும் 25 சதவீதம் என்றிருந்ததை 2015 ஜூலையிலேயே கடையில் ஒரே 37 சதவீதம் என்று சுருக்கியது. உச்சிக்கு ஏறும் வரிதான், ஆனால் புரியும் வரி.

என்னைக் கேட்டால் இவற்றில் உருப்படியானது கொலராடோ. 2014 ஜனவரி 1-இல் விற்பனை தொடங்கியபோது, ஏற்கெனவே மருத்துவக் கடை நடத்தியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. தான் விற்பதில் பெரும்பகுதியைத் தானே விளைவிக்க வேண்டும். அக்டோபரில் புதியவர்களுக்குத் திறந்தார்கள், அந்தக் கட்டாயத்தையும் தளர்த்தினார்கள். தின்பண்டங்களைக் குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்துவிடுகிறார்கள் என்ற புகாருக்கு முதலில் அடையாளக் குறி, 2017 அக்டோபரில் கரடி, பழம் போன்ற வடிவங்களுக்குத் தடை. வேண்டாம் என்ற ஊர்களை விட்டுவிட்டார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகர மக்கள் சம்மதிக்கவே 2024 நவம்பர் ஆயிற்று. இதற்காகக் கொலராடோ வியாபாரிகள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. 2021-இல் 220 கோடி டாலரைத் தொட்ட விற்பனை, 2023-இல் 150 கோடியருகே வந்துவிட்டது.

எந்த மாநிலத்தில் கடை போட்டாலும் தப்ப முடியாமல் இருந்த இன்னொன்று உண்டு: 1982-இல் வந்த 280இ என்ற கூட்டாட்சி வரிப் பிரிவு. சரக்கு 100 ரூபாய்க்கு விற்றது, கொள்முதல் 60, வாடகையும் சம்பளமும் 35 என்றால் கையில் நிற்பது ஐந்து. முதல் பட்டியல் சரக்கு விற்பவர் அந்த 35-ஐக் கழிக்கக் கூடாது. ஆக 40-க்கு நிறுவன வரி 21 சதவீதம், எட்டு ரூபாய் நாற்பது காசு வரி. சம்பாதித்தது ஐந்து.