வாசனைப் பயிற்சி கிட்: பாட்டில் நல்லது, ஆப்தான் ஏமாற்று

மோப்ப சக்தி குறைந்தவர்களுக்கென்று ஆன்லைனில் விற்கிறார்களே, அந்தக் கிட் ஒன்றை அப்பாவுக்காக வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நாலு சின்ன பாட்டில், ஒரு கையேடு, கூடவே ஒரு ஆப். இந்த நாலு வாசனையும் 2009-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இருந்து வந்தவை. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் பத்து வினாடி போல முகர வேண்டும், 12 வாரம், அவ்வளவுதான் வைத்தியம். மோப்ப நரம்பு செல்கள் வயதான பிறகும் புதிதாக முளைக்கக் கூடியவை என்பதால் முயன்று பார்ப்பதில் அர்த்தம் உண்டு, அதுவும் வைரஸ் காய்ச்சலுக்கோ கொரோனாவுக்கோ பிறகு வாசனை போனவர்களுக்கு.

பாட்டில்கள் பரவாயில்லை. உள்ளே எண்ணெயில் நனைத்த பஞ்சு, கவிழ்ந்தாலும் கொட்டாது, பெயர்களைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், கண்ணாடி இல்லாமலே அப்பா படிக்கிறார். மூடிதான் மட்டம். கிராம்பு கசிந்து எலுமிச்சை பாட்டிலின் கழுத்தெல்லாம் கிராம்பு வாடை, அப்புறம் தனித்தனி கவரில் போட்டு வைக்க வேண்டியதாயிற்று.

எரிச்சல் ஆப்பில்தான். யூகலிப்டஸை முகர்ந்ததும் அப்பா "ஏதோ ஜில்லுன்னு இருக்கு" என்றார், ஆப் உடனே அதை "வாசனை தெரிகிறது" என்று கணக்கில் ஏற்றிப் பச்சை காட்டியது. அந்த ஜில்லிப்பு மோப்ப நரம்பின் வேலையே இல்லை, முகத்தின் தொடுஉணர்வைக் கடத்தும் முக்கிளை நரம்பின் வேலை. துளி வாசனை தெரியாதவருக்கும் அது உறைக்கும், கிராம்பிலும் கொஞ்சம் அப்படித்தான். ரோஜாவுக்கு மட்டும் அந்தக் குத்தல் அனேகமாக இல்லை, அதனால் முன்னேற்றம் பார்க்க நான் ரோஜாவை மட்டும்தான் நம்புகிறேன். முதலில் "வெறும் காத்து" என்றவர், இப்போது சில காலைகளில் "சோப்பு மாதிரி" என்கிறார். ஆப் மதிப்பெண்ணோ முதல் நாளிலிருந்தே அமோகம்!

கையேடு அதைவிட மோசம், வாசனை போவது மறதி நோயின் முதல் அறிகுறி என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்துகிறது. முழுப் பொய் என்று சொல்ல முடியாது, பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மோப்பம் குறைந்திருக்கும், பலருக்குக் கை நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே குறைந்துவிடும், மறதி நோயான அல்சைமரிலும் சீக்கிரமே பாதிக்கும். ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, மோப்பம் குறைந்தவருக்கெல்லாம் அந்த நோய் என்று எப்படிச் சொல்வது? 1984-இல் ரிச்சர்ட் டோட்டி குழு வெளியிட்ட ஆய்வில் 65 முதல் 80 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் மோப்பம் குறைந்திருந்தது, 80 தாண்டியவர்களில் முக்கால்வாசிக்கும் மேல். சைனஸ், மூக்குச் சதை, தலையில் பட்ட அடி, சில மாத்திரைகள் என்று வேறு காரணங்களும் எத்தனையோ. கையேட்டில் 2014-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வையும் போட்டிருக்கிறார்கள்: மோப்பம் அறவே போயிருந்த முதியவர்களில் 39 சதவீதம் பேர் ஐந்து ஆண்டில் இறந்துவிட்டார்களாம், மோப்பம் சரியாக இருந்தவர்களில் 10 சதவீதம். எண்கள் சரி, ஆனால் அவர்களைக் கொன்றது வாசனை இழப்பு என்று அந்த ஆய்வு சொல்லவில்லையே, உடம்பில் வேறு ஏதோ தளர்கிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம் என்பதுதான் விஷயம். இதைத் தனியாக உட்கார்ந்து படிக்கும் வயதானவருக்கு ராத்திரி தூக்கம் வருமா?

இவ்வளவு பயமுறுத்தியவர்கள், கேஸ் கசிவும் புகையும் மூக்குக்குத் தெரியாது, வீட்டில் அலாரம் மாட்டுங்கள் என்று ஒரு வரி எழுதவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் முதலில் காட்டிவிட்டு வாங்குங்கள், மூக்குச் சதையோ வீக்கமோ இருந்தால் அதற்கு மருந்தே வேறு. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், மூன்றும் பாட்டிலுக்கு. ஆப்பை நீக்கிவிட்டேன். எண்ணெய் வீரியம் குறைந்தால் ரீஃபில் தனியாகக் கிடைக்காது, மறுபடி முழுக் கிட்டும் வாங்கச் சொல்கிறார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.